உப்பு மேட்டில் ஒரு மறைப்பு

அடக்கத் தெரிந்தவள்தான் வேலைக்காரி என்று உப்பளத்தில் எனக்குச் சொன்னார்கள். சிறுநீரைத்தான். விடியலில் பாத்தியில் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறி வேலை முடிகிற வரைக்கும் அடக்க வேண்டும். அதன் பிறகு வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அடக்க வேண்டும். இதைக் கஷ்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. திறமை என்றுதான் சொன்னார்கள்.

நான் கிளியனூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் கரும்பு இருந்தது, சவுக்குத் தோப்பு இருந்தது, ஏரிக்கரையில் ஆளுயரத்துக்குப் புதர் இருந்தது. களை எடுக்கப் போனால் நடுவில் இரண்டு பேராகச் சேர்ந்து ஒதுங்கிவிட்டு வருவோம். அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது. மரக்காணத்தில் கட்டிக்கொடுத்து, அடுத்த வருஷம் உப்பளத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. உப்புக் குவியலைவிட உயரமான பொருள் எதுவுமில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூட நம்மைப் பார்க்கலாம். ஆண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்று வேலையை முடித்துக்கொண்டு, லுங்கியை உதறிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு உலகம் முழுக்க மறைவுதான்.

என் வீட்டுக்காரர் உப்பு வாருகிறவர். நீளக் கழியில் பலகை கட்டி, பாத்தியில் விளைந்த உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஆண்கள் வேலை. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் வேலை. எங்கள் வரிசைக்கு முன்னால் நடப்பவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான்.

அடக்குகிற திறமையில் அண்ணிக்குப் பெரிய பேர். காலையில் பழைய சோற்றை உள்ளங்கையில் வைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் தின்றார்கள். நீராகாரத்தை ஆண்கள் குடித்தார்கள், சக்கையைப் பெண்கள் தின்றார்கள். டீக்கடையில் ஆண்கள் நிற்கும்போது நாங்கள் நிற்காமல் நடப்போம். நாக்கு வறண்டால் கன்னத்தில் ஒரு புளி உருண்டையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும், எச்சில் ஊறும். இதையெல்லாம் அண்ணி எனக்குப் பெருமையோடு சொன்னார்.

"தண்ணி குடிக்கிறவ வேலைக்கு ஆவ மாட்டா. மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அப்புறம் ஒடம்பு கேக்கிறதையே வுட்டுடும்."

உடம்பு கேட்பதை விடவில்லை. வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. அந்த சீசன் பாதியிலேயே அடிவயிற்றில் எரிச்சல், இடுப்பில் குத்தல், சாயங்காலமானால் குளிர் ஜுரம். முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் அண்ணி தன் சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அதற்கு எரிச்சல் மாத்திரை என்று பேர். வரிசையில் இருந்த எல்லோருடைய சுருக்குப் பையிலும் அது இருந்தது. ஒருத்தியிடம் தீர்ந்தால் இன்னொருத்தி தருவாள். சுண்ணாம்பு கடன் வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டார்கள். இத்தனை பேருக்கும் ஒரே வியாதி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, விழுங்கினேன்.

அடுத்த வருஷம் சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில் சிறுநீரில் இரத்தம் போனது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்ன செய்கிறது என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் "வயித்து வலிங்க" என்றேன். "எங்க?" என்றார். "வயித்துலங்க" என்றேன். இரத்தம் போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகவே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். உப்பளத்திலா வேலை என்றார். ஆமாம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்திர குடுக்கிறேன். ஆனா தண்ணி குடிக்கலன்னா நீ இங்கதான் வந்துகிட்டே இருப்ப. கிட்னி போயிடும், தெரியுதா? அதுக்கப்புறம் கொழந்த குட்டின்னு ஆசப்படாத."

எனக்கு அப்போது குழந்தை இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. உப்பின்மேல், அண்ணிமேல், வெயில்மேல், என் வாய்மேல்.

இப்போதெல்லாம் மன உறுதியைப் பற்றி நிறைய பேசுகிறார்கள். டி.வி.யில் பேசுகிறார்கள், மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஆள் வந்து மைக் வைத்துப் பேசுகிறார். எதையும் தாங்கப் பழகுங்கள், கஷ்டம் உங்களைச் செதுக்கும் என்கிறார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்தில் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வரிசையில் தாங்காதவர் யார்? அண்ணியைவிடத் தாங்கியவர் யார்? தாங்கித் தாங்கி எங்களுக்குக் கிடைத்தது மாத்திரை அட்டை. என் மனசு கொஞ்சமாவது வளர்ந்தது என்றால், இனிமேல் இதைத் தாங்க மாட்டேன் என்று நான் முடிவு செய்த அன்றைக்குத்தான் வளர்ந்தது. அதையும் நான் வீரமாகச் செய்யவில்லை. பயந்துகொண்டுதான் செய்தேன்.

முதலில் தண்ணீர். பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். முதல் நடை கூடையைக் கொட்டிவிட்டு, எல்லோரும் பார்க்க, வரப்பில் நின்று மடமடவென்று குடித்தேன். வரிசை நின்றுவிட்டது. கள் குடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"குடிச்சிட்டு எங்கடி போவ?" என்றார் அண்ணி.

"வந்தா போவேன்."

வந்தது. ரோட்டோரம் ஒரு சின்னப் பாலம் உண்டு, அதன் அடியில் ஒதுங்கலாம். கூடையை வைத்துவிட்டு அந்தப் பாலம் வரைக்கும் வரப்பு வரப்பாக நடந்து போய்த் திரும்பி வந்தேன். அதற்குள் வரிசை பல நடை போய்விட்டது. எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, பொடிநடையா பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டு வர்றியா? இப்புடி ஊர் சுத்தணும்னா வேலைக்கு வராத."

ஆண்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர்மேலும் கோபம் வந்தது. வேலை போனால் வீட்டில் பாதி அடுப்பு எரியாது. தண்ணீர் குடித்தால் வேலை போகும், குடிக்காவிட்டால் உடம்பு போகும். நடுவில் எனக்கு வேண்டியது ஒரு மறைவு, ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு. அவ்வளவுதான்.

உப்பு மேட்டில் ஓலை குவிந்து கிடந்தது. மழையில் உப்பு கரைந்துவிடக் கூடாது என்று குவியலுக்குக் கூரை மாதிரி வேய்வார்கள், அதற்கு வாங்கிப் போட்டது. மறுநாள் வேலை முடிந்ததும், பாத்திகளை விட்டுத் தள்ளி, மேட்டின் பின்பக்கம் ஒரு பள்ளம் தோண்டினேன். நான்கு சவுக்குக் கழி நட்டு, சுற்றிலும் ஓலையைக் கட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் கழி மட்டும் நின்றது. மேஸ்திரி ஓலையைத் திரும்பக் குவியலில் போட்டிருந்தார்.

"உப்புக்கு வாங்கின ஓலைய எடுக்க ஒனக்கு யார் சொன்னது?"

"உப்பு நனைஞ்சா ஓலை போடுறீங்க மேஸ்திரி. நாங்க எதுல சேத்தி?"

"சனங்க திங்கிற பொருளும்மா இது. அது பக்கத்துல போயி அசிங்கம் பண்ணுவியா?"

"ஆம்பளைங்க எங்க பண்றாங்க? பன்னீரா தெளிக்கிறாங்க?"

இதை நான் சொல்லிவிட்டேன் என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வாருகிறவர்கள் யாரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மேஸ்திரி மட்டும், இன்னொரு தடவை ஓலையைத் தொட்டால் திருட்டுப் பட்டம்தான் என்றார். சாக்கைக் கட்டினேன், பிடுங்கினார். பழைய புடவையைக் கட்டினேன், காற்று பாதியைக் கிழித்தது, மீதியை அவர் கிழித்தார். நான் கட்டுவதும் அவர் பிடுங்குவதும் வாரத்துக்கு மேல் நடந்தது. எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது, அதை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரு குடும்பத்துப் பெண் இதற்காக ஊர் வாயில் விழுவதா என்பது அவர் கோபம்.

தேர்தல் முடிந்த சமயம் அது. வாக்களித்த பெருமக்களுக்கு நன்றி என்று போட்டு, கும்பிட்ட கையோடு தலைவர் நிற்கிற பெரிய பேனர் ஒன்று ஊர் முனையில் கட்டியிருந்தார்கள். கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்ததும் அதை அவிழ்த்துப் போட்டார்கள். கூரை ஒழுகுகிற இடத்துக்கு ஆகும் என்று என் வீட்டுக்காரர் சுருட்டி எடுத்துவந்து வீட்டில் வைத்திருந்தார். ஒரு நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"இத எடுத்துக்கவா?" என்றேன்.

எதற்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தியை எடுத்துவந்து, காற்று புகுந்து போகட்டும் என்று பேனரில் அங்கங்கே கீறிக் கொடுத்தார். எழுத்தில் கீறினார், கட்சிக் கொடியில் கீறினார். முகத்தில் மட்டும் கீறவில்லை. "வம்பு வேணாம்" என்றார்.

கழியைச் சுற்றி வளைத்துக் கட்டினேன். தலைவர் முகம் மேட்டைப் பார்த்தபடி இருந்தது. காலையில் மேஸ்திரி வேகமாக வந்தார். கையை நீட்டினார். நின்றுவிட்டார். அவர் அந்தக் கட்சிக்காரர். ஊர் முனையில் ஏணி வைத்து ஏறி அந்த பேனரைக் கட்டியவரே அவர்தான். அதை எல்லோர் முன்னாலும் கையால் கிழிக்க முடியுமா? தலைவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மேஸ்திரி முறைத்தார், முணுமுணுத்தார், போய்விட்டார்.

அந்த மறைப்பு பல வாரம் நின்றது. முதலில் நான் மட்டும் போனேன். பிறகு வயசில் சின்னவர்கள், ஒருத்தி காவல் நிற்க ஒருத்தி போனார்கள். அப்புறம் பாட்டில்கள் வந்தன. மாதத்தில் அந்த நாட்களில் வேலைக்கு வராமல் கூலியை விட்டவர்கள் வந்தார்கள். எனக்கு எரிச்சல் நின்றது, ஜுரம் நின்றது. அண்ணி மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிழிந்த சோறு, புளி உருண்டை, நிமிர்ந்த தலை.

ஆனால் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், தலைவர் படத்தை எங்கே கட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று. கட்சிக்காரர்கள் முதலாளியிடம் போயிருக்கிறார்கள். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரைத்தான் முதலாளி என்போம். கெட்ட மனுஷர் இல்லை, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர். ஒரு நாள் வேலை நடுவில் கார் வந்து நின்றது. மேஸ்திரி ஓடினார். எங்களையும் வரச் சொன்னார்கள். ஆண்கள் பலகையோடு ஒரு பக்கம் நின்றார்கள், நாங்கள் ஒரு பக்கம்.

"இது இன்னா?" என்றார் முதலாளி.

மேஸ்திரி "பொம்பளைங்க வந்து..." என்று ஆரம்பித்து இருமினார். அவர் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை. எங்களுக்குள்ளிருந்து அண்ணி ஓர் அடி முன்னால் போனார்.

"நெழலுக்குங்க மொதலாளி. வெய்யில் தாங்கல."

முதலாளி முகம் தெளிந்தது. எல்லோர் முகமும் தெளிந்தது. "அட, நெழலுக்கா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? தலைவர் படத்த கழட்டிடுங்க. நாலு கழி நட்டு மேல ஓலை போட்டுக் குடுக்கச் சொல்றேன். ஆம்பளைங்களும் செத்த ஒக்காந்துக்கலாம்."

அண்ணி என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். எனக்கு அது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் என் வேலைக்கு ஆபத்தில்லை, கட்சிக்காரர்களுக்கும் சமாதானம், உப்புக்கு வாங்கிய ஓலையே கூரையாகக் கிடைக்கும். சுற்றிலும் திறந்து கிடக்கிற நிழலில் ஆண்கள் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். நாங்கள் மறுநாளிலிருந்து சோற்றைப் பிழிவோம்.

"நெழலுக்கு இல்லீங்க," என்றேன். "ஒண்ணுக்குப் போறதுக்குங்க."

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முதலாளி கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தார்.

"எங்கப்பா காலத்துலேந்து பொம்பளைங்க வேல செய்றாங்க. ஒருத்தரும் இதக் கேட்டதில்லையேம்மா."

"கேக்காம அடக்குனோங்க. அதுக்குத்தான் மாத்திர சாப்புடுறோம். எல்லார் சுருக்குப் பையிலயும் இருக்குது, வேணும்னா தெறந்து காட்டச் சொல்றேன். எனக்கு ரத்தம் போச்சுங்க. ஒண்ணுக்குப் போற எடத்துல."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் சொல்ல முடியாததை உப்பளத்து ஆண்கள் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அங்கே நிறைய பேர் நின்றார்கள்.

"சரி சரி," என்றார் முதலாளி. "மேஸ்திரிகிட்ட பேசிக்குங்க. பேனர் மட்டும் இருக்கக் கூடாது." அதைச் சொல்லும்போதே பாதி தூரம் நடந்துவிட்டார்.

கார் போனதும் மேஸ்திரி பேனரை அவிழ்த்தார், மரியாதையாக மடித்தார், தோளில் போட்டுக்கொண்டார். கழிகள் மொட்டையாக நின்றன. "பேசியாச்சில்ல? கூடைய தூக்குங்க," என்றார். அவருக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்து கிடந்தது. "அத்தினி ஆம்பளைங்க முன்னாடி குடும்ப மானத்த வாங்கிட்டியேடி."

"நெழல்னு சொன்னா அவங்கதான் குந்துவாங்க அண்ணி. நமக்கு இன்னா கெடைக்கும்?"

அண்ணி அந்தக் கழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, கோபத்திலா வேறெதிலா தெரியாது. பிறகு கேட்டார், "இப்ப வருதா ஒனக்கு?"

"வருது."

கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் துணியைச் சும்மாடு என்போம். அது இல்லாமல் நனைந்த உப்புக் கூடையைத் தலையில் ஏற்ற முடியாது, மண்டைத் தோல் உரிந்துவிடும். அண்ணி தன் சும்மாட்டை எடுத்தார், உதறினார், போய் ஒரு கழிக்கும் இன்னொரு கழிக்கும் நடுவில் இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் இருந்தவள் தன்னுடையதை எடுத்தாள். பிறகு அடுத்தவள். ஒரு துணி அகலம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். கடைசியில் வரிசையில் ஒருத்தி தலையிலும் துணி இல்லை.

"யேய், கூடைய எப்புடி தூக்குவீங்க?" என்று மேஸ்திரி கத்தினார். வாரிய உப்பு பாத்தியோரமெல்லாம் ஈரத்தோடு கிடந்தது. என் வீட்டுக்காரர் பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். மற்ற ஆண்களும் உட்கார்ந்தார்கள்.

"துணி அங்க தொங்குது," என்றார் அண்ணி. "ஓலைய கொண்டாந்து கட்டு. நாங்க துணிய எடுத்துக்கிறோம்."

மேஸ்திரி எங்களைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பேனரைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஓலைக் குவியலைப் பார்த்து நடந்தார். அவர் ஓலையைச் சுமந்து வந்து சேர ரொம்ப நேரம் ஆனது. அதற்குள் நான் போய் வந்தேன். எனக்கு அடுத்து அண்ணி போனார். பிறகு ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் போனார்கள். ஒண்ணுக்கு வராதவர்களும் போனார்கள்.